குர்பானிக் கறி ஏன் ரப்பராகிறது? இறைச்சியின் தரமும் நாக்கின் சாட்சியமும்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஃப்ரீசரில் மிச்சமிருந்த கடைசிப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டு, பனி விலகியதும் குக்கரில் ஏற்றுகிறோம். எட்டு விசில் வந்த பிறகும் கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது. பெருநாளன்று மதியம் இதே ஆட்டின் கறிதான் பஞ்சு போல வெந்தது. உடனே, "கிழட்டு ஆட்டைத் தள்ளிவிட்டுட்டான்" என்று ஆடு விற்றவர் மீது பழி போகும். இல்லையென்றால் அறுத்தவர் மீது. அதுவும் இல்லையென்றால் அடுப்படியில் நிற்கும் பெண்கள் மீது. பல வீடுகளில் இந்த மூவருமே குற்றவாளிகள் அல்லர். அறுத்த சூடு ஆறுவதற்கு முன்பே கறியை ஃப்ரீசருக்குள் தள்ளியதுதான் காரணம்.

இறைச்சி அறிவியல் என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் அது பாடமாக நடத்தப்படுகிறது. ஹைதராபாத் அருகே செங்கிச்சர்லாவில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கறி ஏன் மென்மையாகிறது, ஏன் கடினமாகிறது, ஏன் கறுக்கிறது, ஏன் வாடை அடிக்கிறது என்று அங்கெல்லாம் அளந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கறி இன்று விற்கும் விலைக்கு, அதில் கொஞ்சமாவது நம் வீடுகளுக்கு வந்து சேர வேண்டும்.

அறுத்த பிறகும் நடக்கும் வேலை

உயிர் பிரிந்தவுடன் தசை ஓய்ந்துவிடுவதில்லை. ஆட்டின் தொடையிலும் சப்பையிலும் கிளைகோஜன் என்ற எரிபொருள் சேமிப்பு இருக்கும். ரத்த ஓட்டம் நின்று ஆக்ஸிஜன் வராமல் போன பிறகும் தசை அந்தச் சேமிப்பை எரித்துக்கொண்டே இருக்கும். அப்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. தயிர் புளிக்கும்போது உண்டாகும் அதே அமிலம்தான். உயிருள்ள தசையின் பி.எச். அளவு ஏறத்தாழ 7. நல்ல கறியில் அது ஒரு நாளுக்குள் 5.5 முதல் 5.8 வரை இறங்கிவிடும். இந்தப் புளிப்பு நமக்கு நல்லது. கறிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும், கெடுக்கும் கிருமிகள் சீக்கிரம் பெருகாமல் தடுப்பதும் இதுதான்.

இதே நேரத்தில் வேறொன்றும் நடக்கிறது. தசை என்பது ஒன்றோடொன்று கோத்து நகரும் மெல்லிய இழைகளின் கட்டு. கோத்த இழை பிரிவதற்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. அது தீர்ந்துவிட்டால் இழைகள் கோத்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். உடல் விறைப்பது இதனால்தான். ஆடு போன்ற சிறிய பிராணியில் சில மணி நேரத்திலேயே விறைப்பு வந்துவிடும். விறைத்த நிலையில் சமைத்தால் கறி கடினமாகத்தான் இருக்கும். அதன்பிறகு தசைக்குள்ளேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதி அந்த இழைகளை மெல்ல மெல்ல வெட்டிவிடும். குளிரில் ஒன்றிரண்டு நாள் வைத்த கறி மறுபடியும் மென்மையாவது அதனால்.

சுப்ஹு தொழுதுவிட்டு நேராகக் கறிக்கடைக்குப் போய், சூடு இருக்கும்போதே வாங்கி வந்து, உடனே அடுப்பில் ஏற்றும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், திண்டுக்கல் வெயிலில், இதைவிடச் சரியான பழக்கம் வேறு இருந்திருக்க முடியாது. விறைப்பு முற்றுவதற்கு முன்பே கறி வெந்துவிடும், கெட்டுப்போகவும் நேரம் இருக்காது. சிக்கல் வந்தது ஃப்ரிட்ஜோடுதான்.

நியூசிலாந்து கற்ற பாடம்

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். ஆட்டுக்கறியை உறைய வைத்துக் கப்பலில் பிரிட்டனுக்கு அனுப்பி வாழ்ந்த நாடு அது. நல்ல இளம் ஆடு, நல்ல மேய்ச்சல், சுத்தமான தொழிற்சாலை எல்லாம் இருந்தும் கறி கடினமாக இருக்கிறது என்ற புகார் எழுந்தது. தங்கள் நாட்டு இறைச்சித் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில் லாக்கர், ஹேகியார்ட் என்ற இருவர் மாட்டுத் தசைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து அளந்து, 1963-இல் முடிவை வெளியிட்டார்கள். விறைப்பு வருவதற்கு முன் 14 முதல் 19 டிகிரி செல்சியஸில் வைத்த தசை மிகக் குறைவாகச் சுருங்கியது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வைத்த தசை வெகுவாகச் சுருங்கியது. சுருங்கிய தசையைச் சமைத்தால் அது கடினமான கறி.

சீக்கிரம் குளிர வைத்தால் நல்லது என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. சுத்தத்துக்காகச் செய்த அவசரமே மென்மையைக் கெடுத்திருந்தது. பிறகு அங்கே, உடனே உறைய வைக்காமல் முதலில் மிதமான குளிரில் நிறுத்தி, விறைப்பு வந்து போன பிறகே உறைய வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அறுத்த உடலில் மின்சாரம் பாய்ச்சித் தசையின் எரிபொருளை விரைவாகத் தீர்க்கும் முறையும் வந்தது.

நம் ஃப்ரீசரில் நடப்பது இதைவிட ஒரு படி மோசம். ஏ.டி.பி. தீராத நிலையிலேயே கறி உறைந்துவிடுகிறது. உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள், தசைக்குள் கால்சியத்தைப் பூட்டி வைத்திருக்கும் மெல்லிய பைகளைக் கிழித்துவிடும். பிறகு வெளியே எடுத்து உருக வைக்கும்போது அந்தக் கால்சியம் மொத்தமாகக் கொட்டி, மிச்சமிருக்கும் ஏ.டி.பி.யும் வேலை செய்து, தசை ஒரேயடியாகச் சுருங்கும். பாத்திரத்தின் அடியில் சிவப்பாக நீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கறியின் சாறு அதில் போய்விட்டது.

அப்படியானால் குர்பானி நாளில் என்ன செய்வது? அன்றே சமைப்பதற்கும் பங்கிடுவதற்கும் உள்ளதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். சேமிக்க வேண்டியதை, முடிந்தவரை எலும்போடு பெரிய துண்டுகளாக, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை அதிகம் சுருங்க முடியாது. மறுநாள் வேண்டிய அளவில் வெட்டி, சிறு சிறு பொட்டலங்களாக ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். "வெளியே வைத்தே ஆறவிடலாமே" என்று தோன்றும். நம் வெயிலில் அது ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறியை வெளியே வைக்கக்கூடாது, கடும் வெயில் காலத்தில் அதிலும் பாதி நேரம்தான். கறி கொஞ்சம் கடினமானால் கூடுதல் விசிலோடு போகும். கெட்ட கறி ஆளைப் படுக்க வைத்துவிடும். ஏற்கெனவே அவசரமாக உறைந்துபோன பொட்டலம் இருந்தால், தண்ணீரில் போடாமல் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி மெல்ல உருக விடுங்கள். முழுக்கச் சரியாகாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

அறுப்பதற்கு முந்தைய மணி நேரங்கள்

வியாழக்கிழமை தோறும் திருச்சி சாலையில் அய்யலூரில் ஆட்டுச் சந்தை கூடும். பக்ரீத், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் விடிவதற்குள்ளேயே கூட்டம் நெரியும். வெள்ளாடும் செம்மறியும் வேன்களிலும் ஆட்டோக்களிலும் ஏறும். இருசக்கர வண்டியின் பின்னால் கால்களைக் கட்டிக் குறுக்கே போட்டுக்கொண்டு போகும் காட்சியும் உண்டு. அந்த ஆடு வீடு வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்தில் அறுக்கப்பட்டால் கறியில் என்ன ஆகும்?

பதற்றமும் ஓட்டமும் வெயிலும் கிளைகோஜனைக் கரைத்துவிடும். எரிபொருள் இல்லையென்றால் அமிலம் உண்டாகாது. அமிலம் இல்லையென்றால் பி.எச். 6-க்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். அந்தக் கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் ஒட்டும்படி இருக்கும். சீக்கிரம் கெட்டும் போகும். வெள்ளாடு இயல்பிலேயே மிரளும் பிராணி என்பதால் செம்மறியைவிட இந்தப் பாதிப்பு அதற்கு அதிகம். வெள்ளாட்டுக் கறியின் பி.எச். பொதுவாகவே சற்று உயரமாக நிற்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஓமன் நாட்டின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் கதீம் தலைமையிலான குழு இதையே நேரடியாகச் சோதித்து 2006-இல் வெளியிட்டது. மூன்று ஓமானி வெள்ளாட்டு இனங்களில் ஒரு பகுதியை 37 டிகிரி வெயிலில் இரண்டு மணி நேரம் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள், மறு பகுதியை ஏற்றவில்லை. பயணம் செய்த ஆடுகளின் கறியில் பி.எச். உயர்ந்திருந்தது, நிறம் கறுத்திருந்தது, அறுக்கத் தேவைப்பட்ட விசை கூடியிருந்தது. ஓமனின் வெயிலும் சித்திரை வைகாசியில் நம் சமவெளி வெயிலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அய்யலூரிலிருந்து திண்டுக்கல் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று சொல்லலாம். ஆனால் சந்தைக்கு வருவதற்கு முன்பே அந்த ஆடு எங்கிருந்து எத்தனை வண்டி மாறி வந்தது என்று யாருக்குத் தெரியும்?

கரைந்துபோன கிளைகோஜன் ஆடு போன்ற அசைபோடும் பிராணிகளுக்கு ஒரு இரவில் திரும்பாது. தீனியும் தண்ணீரும் நிழலும் கொடுத்துச் சில நாள் விட்டால்தான் நிரம்பும். குர்பானி ஆட்டை முன்கூட்டியே வாங்கி வந்து, பிள்ளைகள் அகத்திக்கீரை ஊட்டி, வீட்டுக்குப் பழக்கிய பிறகு அறுக்கும் வழக்கம் கறிக்கும் நல்லதுதான். இடவசதி இல்லாதவர்கள், ஜமாஅத்தில் சேர்ந்து ஒரு தோப்பிலோ கொட்டகையிலோ மூன்று நான்கு நாள் கட்டி வைக்க ஏற்பாடு செய்யலாம்.

கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளவும், பிராணியை வருத்தாமல் இருக்கவும் நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஒரு ஆட்டின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பதையும் நம் ஆலிம்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பிராணியின் பதற்றத்தைக் குறைக்கும் எதுவும் கறியின் தரத்துக்கும் உதவும் என்பதில் அறிவியலுக்கு மறுப்பில்லை. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "ஹலால் முறையில் அறுத்தால்தான் ரத்தம் முழுவதும் வெளியேறுகிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பி மற்றவர்களிடம் வாதாட வேண்டாம். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹலுக் அனில் குழு 2004-இல் செம்மறி ஆடுகளில் அளந்து பார்த்தபோது, மயக்கமூட்டாமல் அறுத்ததிலும் மயக்கமூட்டி அறுத்ததிலும் வெளியேறிய ரத்தத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாம் ஹலாலைப் பேணுவது இறைக்கட்டளை என்பதால். அதற்கு ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டியதில்லை. இல்லாத சான்றிதழை இருப்பதாகச் சொல்வது நமக்கு மரியாதையும் இல்லை.

பல், தொடை, மொச்சை

வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெள்ளாட்டுக்கு ஒரு வயது தாண்டிய சில மாதங்களில் முன்பற்களில் நடு ஜோடி விழுந்து பெரிய பல் முளைக்கும். அடுத்த ஜோடி இரண்டு வயதை ஒட்டி வரும். குர்பானிக்கான வயது வரம்பு மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடும், அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறிக் கணக்கில் வயது என்ன செய்கிறது என்றால், தசைகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற சவ்வுப் புரதத்தின் குறுக்குப் பிணைப்புகள் வயதாக ஆக இறுகும். இளம் ஆட்டில் சீக்கிரம் கரைந்து குழைவது, முற்றிய ஆட்டில் நெடுநேரம் ஈரச் சூட்டில் கிடந்தால்தான் கரையும். கழுத்தும் முன்னங்காலும் அதிகம் உழைக்கும் பகுதிகள், அதனால் சவ்வு அதிகம். பொறுமையாகக் கொதிக்க விட்டால் குழம்புக்குப் பிசுபிசுப்பும் ருசியும் தருவது அவைதான். பப்பாளிக்காயை அரைத்துத் தடவினால் அதிலுள்ள பப்பெயின் நொதி இழைகளை வெட்டும். அளவு மிஞ்சினால் கறி கூழாகிவிடும்.

மொச்சை வாடை தனிக் கதை. பருவமடைந்த, காயடிக்காத கிடாயில்தான் அது தூக்கலாக இருக்கும். கிளைச் சங்கிலி கொழுப்பு அமிலங்கள் எனப்படும் சிலவற்றால், குறிப்பாக 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலத்தால், வரும் வாடை அது. மிகச் சிறு அளவிலேயே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். கொழுப்பில் தங்குவது என்பதால் கொழுப்பை நீக்கினால் குறையும். சிலருக்கு அந்த வாடை இல்லையென்றால் அது வெள்ளாடே இல்லை. இந்த இடத்தில்தான் கேள்வி மாறுகிறது. நல்ல கறி என்று தீர்ப்புச் சொல்வது யார்?

நாக்கைக் கருவியாக்குவது

மென்மையை அளக்க இயந்திரம் உண்டு. வார்னர், பிராட்ஸ்லர் என்ற இரு அமெரிக்கர்களின் பெயரால் வழங்கும் அந்தக் கருவி கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு. வேகவைத்து ஆறிய கறியிலிருந்து அரை அங்குல விட்டத்தில் உருளை உருளையாகக் குடைந்தெடுத்து, ஒரு மழுங்கிய தகட்டால் குறுக்கே அறுத்து, எத்தனை கிலோ விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். எண் கூடினால் கறி கடினம். ஓமன் ஆய்விலும் இப்படித்தான் அளந்தார்கள்.

ஆனால் வாய்க்குள் நடப்பது ஒரு தகடு செய்யும் வேலை அல்ல. சாறு ஊறுகிறதா, கொழுப்பு அண்ணத்தில் ஒட்டுகிறதா, மென்ற பிறகு நார் மிஞ்சுகிறதா என்பதையெல்லாம் மனிதர்தான் சொல்ல வேண்டும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மென்று பாருங்கள், காரமும் லேசான கசப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்த கணத்தில் ஏலக்காய் வந்து நிற்கும்.

மனிதரைக் கருவியாகப் பயன்படுத்துவதில் உள்ள தொல்லை, மனிதர் எளிதில் ஏமாறுவார் என்பது. இது அய்யலூர் ஆடு என்று சொல்லிப் பரிமாறினால் ருசி கூடும். கறி கருத்திருந்தால் சுவைப்பதற்கு முன்பே பிடிக்காது. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் நமக்கும் சுளிக்கும். ஆகவே ஆய்வகத்தில் சுவைப்பவர்களைத் தனித்தனித் தடுப்புகளில் உட்கார வைப்பார்கள். நிறம் தெரியாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. ஒரே தசையிலிருந்து, ஒரே அளவில், ஒரே சூட்டில் துண்டுகள். பெயர் கிடையாது, ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்தான். 1, 2, 3 என்று போட்டால் 1 உயர்ந்தது என்று மனம் சாயும். இடையிடையே தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். அத்தர் பூசி வரக்கூடாது. வெற்றிலை, புகையிலை கூடாது. எங்கள் ஊரில் இந்த ஒரு விதியிலேயே பாதிப்பேர் கழிந்துவிடுவார்கள். சோதனையை முற்பகலில் வைப்பார்கள், பசியும் கூடாது, வயிறும் நிறைந்திருக்கக் கூடாது. இதன் நியாயம் நமக்கு நன்றாகவே தெரியும். நோன்பு திறக்கும் நேரத்தில் எந்த நோன்புக் கஞ்சிக்கும் முழு மதிப்பெண்தான்.

சுவைப்பவர்களில் இரண்டு வகை. ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட பயிற்சி பெற்ற குழு. இவர்களிடம் "பிடித்திருக்கிறதா" என்று கேட்கவே கூடாது. சாறு எவ்வளவு, கடினம் எவ்வளவு, வாடை எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். இந்தியக் கால்நடைக் கல்லூரிகளில் தோற்றம், மணம், சாறு, மென்மை, ஒட்டுமொத்த ஏற்பு என்று எட்டுப் புள்ளி அளவுகோலில் மதிப்பிடுவது வழக்கம். இன்னொன்று, பயிற்சி இல்லாத பொதுமக்கள், நூறு பேர் அளவில். இவர்களிடம் பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் கேட்க வேண்டும். அதற்கு உலகெங்கும் பயன்படும் ஒன்பது புள்ளி அளவுகோல், அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆராய்ச்சி நிறுவனம் சிகாகோவில் உருவாக்கியது. சிப்பாய்களுக்குக் கொடுக்கும் உணவில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அறிய இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய வேலை அது. மிகமிகப் பிடித்திருக்கிறது என்பதற்கு 9, மிகமிகப் பிடிக்கவில்லை என்பதற்கு 1, இரண்டுமில்லை என்பதற்கு 5.

நம் கல்யாண வீட்டு வாக்குவாதங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. "கறி சரியில்லை" என்று மாமா சொல்கிறார். அவருக்குப் பிடிக்கவில்லையா, கறி வேகவில்லையா என்பது கடைசிவரை தெரிவதில்லை.

பிரியாணியை வைத்துக் கறியைத் தீர்ப்பிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டி மரபாகட்டும், நம் வீட்டு தம் பிரியாணியாகட்டும், சீரகச் சம்பாவும் மிளகும் தயிரும் எலுமிச்சையும் சேர்ந்து கறியின் பல குறைகளை மூடிவிடும். சிறு துண்டாக வெட்டுவதே இழையின் நீளத்தைக் குறைத்து மென்மையாகக் காட்டும். கன்னிவாடி, பரமத்தி ஆடுகளைச் சொல்லிப் பெருமைப்படும் மரபு இந்தப் பிரியாணிக்கு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு கன்னிவாடி இருக்கிறது, ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது மூலனூர் பக்கத்துக் கன்னிவாடி. மேய்ச்சலும் இனமும் வாசனையை மாற்றும், மறுக்கவில்லை. ஆனால் மென்மை என்று வந்தால் ஆட்டின் வயதும், பதற்றமும், அறுத்த பிறகு வைத்த குளிரும்தான் முதலில் கேட்க வேண்டியவை. சந்தையின் பெயர் அதற்குப் பிறகு.

வலீமாவுக்கு முன் ஒரு சோதனை

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, முக்கோணச் சோதனை என்று பெயர். வலீமாவுக்குக் கறி எடுக்க இரண்டு கடைகள் போட்டி போடுகின்றன, ஒன்று விலை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் ஒரே பகுதியை, தொடை என்றால் தொடை, அரைக் கிலோ வாங்குங்கள். மசாலா இல்லாமல் உப்பு மட்டும் போட்டு, ஒரே அளவு துண்டுகளாக, ஒரே நேரம், தனித்தனிப் பாத்திரத்தில் வேக வையுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணம். இரண்டில் ஒரே கடைக் கறி, ஒன்றில் மற்றது. பாதிப்பேருக்கு முதல் கடைக் கறி இரட்டையாக, மீதிப்பேருக்கு இரண்டாவது கடைக் கறி இரட்டையாக. கிண்ணத்தில் எண் மட்டும். எது எதுவென்று பரிமாறுபவருக்கும் தெரியாமல் இருப்பது நல்லது, கண் ஜாடை பல சோதனைகளைக் கெடுத்திருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று. இந்த மூன்றில் வேறானது எது?

ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. 8 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 30 பேர் என்றால் 15 பேர் போதும். அந்த எண்ணிக்கை வரவில்லையென்றால், இரண்டுக்கும் இடையே உங்கள் வீட்டு நாக்குகளுக்குத் தெரிகிற வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. விலை குறைந்த கடையில் வாங்கிக்கொள்ளலாம். வேறுபாடு இருப்பது உறுதியான பிறகுதான் எது பிடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நாக்கால் முடியாதது

செம்மறியை வெள்ளாடு என்று விற்பது பழைய புகார். தோலுரித்த உடலைப் பார்த்தால் அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். செம்மறியில் தோலுக்கடியில் வெள்ளைக் கொழுப்பு திரண்டிருக்கும், வெள்ளாட்டில் அது குறைவு, கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலிலும்தான் சேரும். வெள்ளாட்டின் மேல்சவ்வு பிசுபிசுப்பாக இருப்பதால் மயிர் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். துண்டு போட்டு மசாலாவில் வெந்த பிறகு எந்த அனுபவமும் நிச்சயமாகச் சொல்லாது. அங்கே டி.என்.ஏ. சோதனைதான். ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் பார்ப்பதால், வெந்த பிரியாணித் துண்டிலிருந்தும் எந்தப் பிராணி என்று கண்டுபிடிக்கலாம். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்டதா என்பதை அந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அது அறுத்தவரின் அமானிதம், அவரைத் தெரிந்து வாங்குவது நம் பொறுப்பு.

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் சுமார் 2,000 கிலோ இறைச்சி பறிமுதல் செய்யப்பட்டது நினைவிருக்கும். நாய்க்கறி என்ற செய்தி அன்றே தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வால் நீளமாக இருக்கிறது என்பதைத்தான் பலரும் ஆதாரமாகப் பேசினார்கள். சில நாட்களில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை முடிவு வந்தது. அது ஆட்டுக்கறி. அதற்குள் கறிக்கடைகளிலும் பிரியாணிக் கடைகளிலும் வியாபாரம் படுத்திருந்தது. அந்தக் கடைகளில் நம் சமுதாயத்தவர் நடத்துபவை எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. பாய் கடைப் பிரியாணி பற்றிய கேலிகளையும் அந்த நாட்களில் கேட்டோம்.

சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்குபவர் எவரும் கட்டணம் செலுத்தி, தாம் வாங்கிய உணவை அரசு அங்கீகரித்த உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெறலாம். உணவு விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.